ஆறு வடிவம் இல்லாட்டி அது மொழி இல்லையா?

மட்டக்களப்பில் பறங்கியர் பேசுகிற போர்த்துக்கீச மொழியைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு உலாவுது. "அது உடைஞ்ச பாஷை. இலக்கணம் இல்ல. உண்மையான போர்த்துக்கீசன் கேட்டாச் சிரிப்பான்." தேத்தண்ணிக் கடையில் சொல்றாங்க, வகுப்பறையில் சொல்றாங்க, கொஞ்சம் மொழி படிச்ச ஆக்கள் இன்னும் அழுத்தமாச் சொல்றாங்க. அண்மையில் இந்தத் தீர்ப்புக்கு ஒரு புதுச் சாட்சியும் கிடைச்சிருக்கு. அதுதான் ஸ்பானிஷ்.

மணி ஹைஸ்ட் பார்த்து, டெஸ்பாசிட்டோ கேட்டு, மெஸ்ஸியின் பேட்டியை எழுத்துவரி இல்லாமல் விளங்க ஆசைப்பட்டு, கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் படிக்கிற இளையவர்கள் எங்கட வட்டத்திலயும் இருக்கிறாங்க. நல்ல விசயம், படிக்கட்டும். ஆனா வினைச்சொல் அட்டவணையோட மல்லுக்கட்டி முடிச்சதும் சிலருக்கு ஒரு மிதப்பு வந்துடுது. "மொழி எண்டா இப்படி இருக்கோணும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு முடிவு, ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வரிசை. டச்பார் பக்கம் பேசுறதுல இதில ஒண்டும் இல்லையே!"

இந்த மிதப்பைத்தான் நாங்கள் எதிர்க்கிறம். அதுவும் சுத்தி வளைச்சு இல்ல. ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் ஆகக் கூடுதலாப் பயப்படுற அட்டவணையையே எடுத்து மேசையில வைப்பம். அது எதை நிரூபிக்குது, எதை நிரூபிக்கேல்ல எண்டு பாப்பம்.

அட்டவணையைத் திறப்பம்

'பேசு' என்பதற்கு ஸ்பானிஷில் 'அப்லார்'. எழுத்தில் முன்னுக்கு ஒரு 'ஹ' இருக்கும், அதை ஒருத்தரும் உச்சரிக்கிறதில்ல. 'ப்' எழுத்தை 'அன்பு' எண்டு சொல்லேக்க வாற ப மாதிரிச் சொல்லுங்க. இது ஒழுங்கான வினை, விதிவிலக்கு ஒண்டும் கிடையாது.

இப்ப எங்களுக்குத் தேவை நடக்காததைச் சொல்ற இறந்தகால வடிவம். நடந்த சங்கதியை அறிவிக்கிறதுக்கு இது உதவாது. "நீ பேசினால்", "நீ பேசவேணும் எண்டு அவ விரும்பினா", "பேசுற மாதிரி நடிச்சான்" போல ஆசை, நிபந்தனை, சந்தேகம், பாவனைக்குள்ள இருக்கிற பேச்சைச் சொல்றதுக்கான வடிவம் இது.

செய்முறை லேசு. "அவர்கள் பேசினார்கள்" என்பதற்கு 'அப்லாரொன்'. கடைசி 'ரொன்'னைக் கழட்டுங்க, 'அப்லா' மிஞ்சும். அதோட 'ர'கர வரிசையைப் பூட்டுங்க. நான் எண்டால் அப்லார. நீ எண்டால் அப்லாரஸ். அவர் எண்டால் திரும்பவும் அப்லார. நாங்கள் எண்டால் அப்லாரமோஸ். நீங்கள் எண்டால் அப்லாரைஸ். அவர்கள் எண்டால் அப்லாரன். எல்லாத்திலயும் அழுத்தம் 'லா'வில விழவேணும். அழுத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி 'அப்லரா' எண்டு சொன்னா அது எதிர்காலமாகிப் போயிடும், "அவர் பேசுவார்" எண்டு அர்த்தம் வந்துடும். மற்ற ஒழுங்கான வினைகளுக்கும் இதே சூத்திரம்தான். 'சாப்பிடு' என்ற கொமேர், 'கொமியெரொன்' வழியா 'கொமியெர' ஆகும். 'வாழ்' என்ற விவிர், 'விவியெரொன்' வழியா 'விவியெர' ஆகும்.

இதுக்கு இன்னொரு வரிசையும் இருக்கு: அப்லாசெ, அப்லாசெஸ், அப்லாசெமோஸ் எண்டு 'செ'யில போகும். ஏறக்குறைய அதே பொருள்தான். பேச்சில் 'ர' வரிசைதான் கூடப் புழங்குது.

எங்க பாவிக்கிறது? "நீ பேசவேணும் எண்டு அவ விரும்பினா" என்பதற்கு 'கெரீய கெ அப்லாரஸ்'. "பேசினால்" என்பதற்கு 'ஸி அப்லாரஸ்'. "பேசுற மாதிரி" என்பதற்கு 'கோமோ ஸி அப்லார'. பிறகு 'ஒஹலா' எண்டு ஒரு சொல் இருக்கு. அது முன்னுக்கு வந்தா "பேசினா எவ்வளவு நல்லம்!" எண்ட ஏக்கம். ஒஹலா ஸ்பானிஷுக்கு அரபில இருந்து போன சொல். அதுக்குள்ள இருக்கிறது அல்லாஹ்வின் பெயர். காத்தான்குடியிலயும் ஏறாவூரிலயும் நாங்கள் நாளுக்குப் பத்துத்தரம் கேக்கிற "இன்ஷா அல்லாஹ்"வுக்கு அது சொந்தக்காரன். அந்தலூசியாவில் நூற்றாண்டுக் கணக்கா அரபோட பக்கத்து வீட்டில இருந்ததால வந்த சொத்து. அதை உடைவு எண்டு ஒரு ஸ்பானிஷ் வாத்தியாரும் சொல்றதில்ல.

எண்ணிப் பாருங்க

இப்ப அந்த ஆறு வடிவத்தை எண்ணுங்க. 'நான்', 'அவர்' ரெண்டுக்கும் ஒரே அப்லார. ஆக ஐந்துதான். மெஸ்ஸியின் ஆர்ஜென்டீனா உட்பட லத்தீன் அமெரிக்கா முழுக்க 'அப்லாரைஸ்' எண்ட வடிவம் அன்றாடப் பேச்சில இல்லை. 'நீங்கள்' என்பதற்கும் அங்க 'அவர்கள்' வடிவத்தையே போட்டுக்கொள்றாங்க. ஆக நாலு. நாற்பது கோடிக்கும் மேல தாய்மொழியாப் பேசுற ஒரு மொழியில பெரும்பான்மை ஆக்கள் வடிவத்தைக் குறைச்சிட்டாங்க. லத்தீன் அமெரிக்கா உடைஞ்ச ஸ்பானிஷ் பேசுது எண்டு சொல்ல ஆருக்குத் துணிவு இருக்கு?

வடிவம் குறைஞ்சா மொழி குறைஞ்சது எண்டால், பிரெஞ்சைப் பாருங்க. அதிலயும் இதே நடக்காதது சொல்ற இறந்தகாலம் இருக்கு, ஆனா பழைய இலக்கியத்தில மட்டும். பாரிஸ் தெருவில அதைப் பாவிச்சா பகிடி பண்ணுவாங்க. பேச்சுப் பிரெஞ்சு அந்த முழு அட்டவணையையும் தூக்கிக் குப்பையில போட்டிட்டு நிம்மதியா இருக்கு. பிரெஞ்சுக்கு இலக்கணம் இல்லை எண்டு ஆரும் எழுதினதாக் காணேல்ல.

சரி, அட்டவணை முழுசா இருந்த 'உண்மையான' மொழி எது? லத்தீனா? அங்க போனாக் கதை இன்னும் சுவாரசியம். 'நேசி' என்ற வினையை எடுங்க. லத்தீனில் "நான் நேசித்திருந்தேன்" எண்டு நடந்து முடிஞ்ச சங்கதியை அறிவிக்கிற வடிவம் 'அமாவெரம்'. நடக்காததுக்கு லத்தீன் வைச்சிருந்த வடிவம் வேற, 'அமாரெம்'. ஸ்பானிஷ்காரர் என்ன செய்தாங்க? அமாரெம்மைத் தொலைச்சாங்க. நடந்ததைச் சொல்ற அமாவெரத்தை எடுத்துத் தேய்ச்சு 'அமார' ஆக்கி, நடக்காததைச் சொல்றதுக்குப் பாவிக்கத் தொடங்கினாங்க. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசத்தில, எழுத்து நடையில, அதே வடிவத்துக்கு இண்டைக்கும் பழைய பொருள்தான்: "பேசியிருந்தார்". அதாவது ரோமாபுரி இலக்கண வாத்தியார் ஒருத்தர் எழும்பி வந்து 'அப்லார'வைக் கேட்டா, சிவப்புப் பேனையால சுழிச்சுப் பிழை போட்டிருப்பார்.

இண்டைய செயலியில அட்டவணையா நிக்கிறது, ஒருகாலத்தில வாத்தியார் பிழை போட்டிருக்கக்கூடிய பேச்சு. அதைப் பேசினவங்களுக்குப் பிறகு அரசு கிடைச்சுது, படை கிடைச்சுது, அச்சகம் கிடைச்சுது. அதால பிழை விதியாச்சு. மட்டக்களப்புப் பறங்கியருக்கு இதில ஒண்டும் கிடைக்கேல்ல. வித்தியாசம் இவ்வளவுதான்.

எங்கட தமிழை இதே தராசில வைப்பமா?

நான் பேசினால், நீ பேசினால், அவள் பேசினால், நாங்கள் பேசினால், நீங்கள் பேசினால், அவர்கள் பேசினால். ஆறு ஆளுக்கும் 'பேசினால்' ஒண்டுதான். ஸ்பானிஷ் அட்டவணை போட்டுக் காட்டுற இடத்தில தமிழ் ஒரே ஒரு வடிவத்தை வைச்சுக்கொண்டு தொல்காப்பியக் காலத்தில இருந்து நிக்குது. 'பேசவேணும்', 'பேசலாம்', 'பேசேல்ல', 'பேச ஒண்ணா' எதிலயும் ஆள் அடையாளம் இல்லை. ஆசை, அனுமதி, மறுப்பு, இயலாமை எல்லாத்தையும் விகுதி மாத்தாமலே சொல்றம். மலையாளம் இன்னும் ஒருபடி மேல போய், நான் சொன்னதுக்கும் அவன் சொன்னதுக்கும் 'பறஞ்ஞு' எண்ட ஒரே வினையை வைச்சிருக்கு. மலையாளம் உடைஞ்ச தமிழ் எண்டு சொல்லிப் பாருங்க, என்ன நடக்கும் எண்டு.

ஆகவே ஆள்விகுதியை எண்ணி மொழிக்குப் புள்ளி போடுற தராசில ஏறினா, முதல்ல கீழ விழுறது எங்கட 'பேசினால்'தான்.

டச்பாரில் பேசுறது என்ன?

இப்ப பறங்கியர் மொழிக்கு வருவம். அப்லாருக்குப் போர்த்துக்கீசத்தில இணை 'ஃபலார்'. ரெண்டும் ஒரே லத்தீன் வேர். ஃபலாரின் நடக்காதது சொல்ற வடிவம் ஸ்பானிஷின் 'செ' வரிசைக்கு உடன்பிறப்பு. அந்த வரிசை மட்டக்களப்புக்கு வந்து சேரேல்ல. வந்தது 'ஃபலா' எண்ட வெறும் வினை. பொருள், 'சொல்லு'. அதுக்கு முன்னால ஒரு சின்னச் சொல் நிக்கும். 'தா ஃபலா' எண்டால் சொல்றது நடக்குது. 'ஜா ஃபலா' எண்டால் சொல்லியாச்சு. 'லோ ஃபலா' எண்டால் சொல்லப் போறது. நான், நீ, அவர் ஆரா இருந்தாலும் வினை அசையாது. ஆர் எண்டு காட்டுறது எழுவாயின் வேலை. நிபந்தனைக்கும் ஆசைக்கும் சந்தேகத்துக்கும் அந்த மொழியில வழி இருக்கு. ஆளுக்கொரு வால் மட்டும் கிடையாது.

இது சும்மா உதிர்ந்து போன மிச்சம் இல்லை. 'தா' வந்தது 'இருக்கிறது' என்ற போர்த்துக்கீச வினையில இருந்து. 'ஜா' வந்தது 'ஏற்கெனவே' என்ற சொல்லில இருந்து. 'லோ' வந்தது 'பிறகு' என்ற சொல்லில இருந்து. மூண்டு பழைய கல்லை எடுத்து ஒரு முழுக் கால ஒழுங்கையே கட்டியிருக்கிறாங்க. உலகத்தின் மற்ற மூலைகளிலயும் இதே வேலை நடந்திருக்கு. பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் ஸ்பானிஷில் இருந்து பிறந்த சவக்கானோ மொழியில யா, தா, ஆய். கரீபியன் கடலில் அரூபா, குராசோ தீவுகளின் பாப்பியமெந்து மொழியில ஆ, தா, லோ. மலாக்காவின் கிரிஸ்தாங் மொழியில ஜா, தா, லோகு. மட்டக்களப்பு வாவிக்கரையில இருந்து கரீபியன் வரைக்கும், கடலால வந்த மொழிகள் ஒரே மாதிரித் தீர்வைக் கண்டுபிடிச்சிருக்கு. இதை உடைவு எண்டு சொல்றவர்கள் வினையை ஒருக்காக் கூடக் கூர்ந்து கேக்காதவர்கள்.

அடுத்தது வாக்கியம். போர்த்துக்கீசத்தில வினை நடுவில வரும். மட்டக்களப்பில அது கடைசிக்குப் போயிட்டுது, தமிழ் மாதிரி. போர்த்துக்கீசத்தில 'பாரா' எண்டது பெயர்ச்சொல்லுக்கு முன்னுக்கு வாற சொல். இங்க அது 'பா' ஆகிப் பெயருக்குப் பின்னால ஒட்டிக்கொண்டுது, எங்கட 'கு' உருபு மாதிரி. 'அவருடைய' என்ற 'சுவா' தேய்ஞ்சு, எங்கட 'ட' மாதிரி உடைமை உருபாச்சு. 1970களில் மட்டக்களப்பில இந்த மொழியை ஆராய்ந்த இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர், 1979இல் எழுதின கட்டுரையில, சொற்கள் போர்த்துக்கீசமாகவும் கட்டுமானம் தமிழாகவும் எவ்வளவு தூரம் ஒருங்கிணைஞ்சிருக்கு எண்டு காட்டியிருக்கிறார். உலக மொழியியலில அதுக்கு ஒரு இடம் இருக்கு. எங்கட ஊர் பேசுறதைப் படிச்சு வெளியில ஆக்கள் பாடம் நடத்துறாங்க. ஊருக்குள்ள அது பகிடிப்பொருள்.

இதில ஒரு கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கோணும். நாங்கள் போர்த்துக்கீசத்தில இருந்து எடுத்தது சாமான்களின் பெயர்கள்: கதிரை, மேசை, வாங்கு, அலமாரி, குசினி, பாண், சப்பாத்து, லேஞ்சி, துவாய், ஜன்னல், சாவி, அலவாங்கு. ஒரு வீட்டுக்குள்ள போய் வெளியில வாறதுக்குள்ள இருபது சொல் வந்துடும். அவங்க எங்களிட்ட எடுத்தது என்ன? வாக்கியம் கட்டுற முறையையே எடுத்தாங்க. தாய்மொழியின் முதுகெலும்பை பக்கத்து வீட்டு மொழிக்கு ஏத்தமாதிரி வளைச்சாங்க. நாங்கள் கதிரையை எடுத்தம், அவங்க எங்களோட கதிரையில உக்காந்து கதைக்கப் பழகினாங்க. அந்த மொழியை உடைஞ்சது எண்டு சொல்றவர் எங்கட தமிழ் வாக்கிய அமைப்பைத்தான் உடைவு எண்டு சொல்றார்.

"காலனிக்காரன் பாஷைதானே?"

எங்களோட வாதிடுற தோழர்கள் அடுத்ததாக் கொண்டுவாறது இதை. போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சவங்க, அவங்கட மொழி செத்தா என்ன எண்டு.

போர்த்துக்கீசர் மட்டக்களப்பில கோட்டை கட்டினது 1628. ஒல்லாந்தர் அதைப் பிடிச்சது 1638. பத்து வருசக் கதை. அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட நாநூறு வருசமா இந்த மொழியைப் பேசி வந்தது ஆளுநரும் தளபதியும் இல்லை. இந்த மண்ணில கலந்து பிறந்த மக்கள், இங்கயே மணம் முடிச்சு, தச்சு, கொல்லு, தகரவேலை, சப்பாத்து தைக்கிறது, மெசின் திருத்துறது எண்டு வாழ்ந்த குடும்பங்கள். கொழும்பில ஆங்கிலம் பேசின ஒல்லாந்தப் பறங்கியர் இவங்களை "மெக்கானிக்" எண்டு இளக்காரமாக் கூப்பிட்டாங்க. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதின கட்டுரைக்குத் தலைப்பே 'ஒல்லாந்தப் பறங்கியரும் போர்த்துக்கீச மெக்கானிக்குகளும்' எண்ட பொருள்படத்தான் இருக்கு. மொழிமேல இருக்கிற இளக்காரம் எங்கயிருந்து வந்தது எண்டு இப்ப விளங்கும். அது இலக்கணத்தில இருந்து வரேல்ல. கையில ஆணியும் சுத்தியலும் பிடிக்கிறவன் மேல இருந்த வர்க்க இளக்காரத்தில இருந்து வந்தது.

இந்த மொழிக்கு மதிப்பு இருந்த காலமும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில, ஒல்லாந்தரின் வீடுகளுக்குள்ளயே இதைத்தான் பேசினாங்க. 1819இல் கொழும்பு வெஸ்லியன் மிசன் அச்சகத்தில பொக்ஸ் பாதிரியார் இலங்கைப் போர்த்துக்கீசம், சிங்களம், ஆங்கிலம் மூண்டுக்கும் ஒரு அகராதி போட்டார். 1900இல் கோவாவில பிறந்த பாதிரியார் தல்காதோ இலங்கைப் போர்த்துக்கீசத்துக்குத் தனி நூலே எழுதினார். இலக்கணம் இல்லாத மொழிக்கு ஆரும் இலக்கணம் எழுதுறதில்ல.

காலனியை எதிர்க்கிறது நல்ல அரசியல். ஆனா எதிர்ப்பைத் தச்சன் வீட்டுக் குசினிப் பேச்சில காட்டுறது அரசியல் இல்ல. அந்தக் குசினி எண்ட சொல்லே அவங்களிட்ட வாங்கினது.

சட்டம் இல்லாத 'தமிழ் மட்டும்'

1956இல் "சிங்களம் மட்டும்" வந்தபோது என்ன நடந்தது எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. அலுவலகத்தில, படிவத்தில, பரீட்சையில, வேலையில, ஒரு மொழி பேசுறவர்களுக்கு "உங்கட மொழி இஞ்ச செல்லாது" எண்டு சொல்றது எவ்வளவு பெரிய வன்முறை எண்டு எங்கட தாத்தா அம்மம்மாக்கள் அனுபவிச்சாங்க. அந்தக் காயத்தில இருந்துதான் எங்கட அரசியலே பிறந்தது.

அப்படியிருக்க, எங்கட கண்ணுக்கு முன்னால மட்டக்களப்பு நகரத்துக்குள்ள என்ன நடந்தது? ஒரு சட்டமும் இல்லாமல், ஒரு ஆர்ப்பாட்டமும் இல்லாமல், தமிழ் மட்டும் நடந்தது. பள்ளிக்கூடம் தமிழ். வேலை தமிழ். கலியாணம் தமிழ். அரசியலமைப்பில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. பறங்கியர் மொழிக்கு ஒரு வரிகூட இல்ல. வீட்டில ஆத்தா பேசுற மொழியை வெளியில பேசினாப் பகிடி. பகிடிக்குப் பயந்து பிள்ளைகள் தமிழுக்கு மாறினாங்க. இண்டைக்கு அந்த மொழியைச் சரளமாப் பேசுறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். யுத்தமும் புலம்பெயர்வும் ஒருபக்கம் தின்றது. 2004 மார்கழி 26 சுனாமி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருந்த டச்பார் பறங்கியர் குடியிருப்பை அடிச்சு, பேசுற ஆக்களையே கொண்டுபோனது.

சுனாமியை நாங்கள் தடுக்க ஏலாது. பகிடியைத் தடுக்க ஏலும்.

இன்னொரு பெருமையைப் பற்றியும் சொல்லவேணும். மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ்தான் எழுத்துத் தமிழுக்கு ஆகக் கிட்ட எண்டு செக் அறிஞர் கமில் சுவெலபில் சொன்னதை எங்கட ஆக்கள் மேடைக்கு மேடை எடுத்துச் சொல்றாங்க. மற்றப் பகுதியார் எங்கட "கா"வையும் "மனே"யையும் பகிடி பண்ணேக்க அது நல்ல கவசம்தான். ஆனா கவனியுங்க. எழுத்துக்குக் கிட்ட இருந்தால்தான் பேச்சுக்கு மரியாதை எண்டு ஒத்துக்கொண்டால், எழுத்து இல்லாத பக்கத்து வீட்டு மொழிக்கு மரியாதை இல்லை எண்டும் ஒத்துக்கொள்றம். எங்கட தமிழுக்கு மரியாதை, நாங்கள் அதில அழுறதாலயும் சண்டை பிடிக்கிறதாலயும் பிள்ளையைத் தாலாட்டுறதாலயும் வரவேணும். அந்தத் தகுதி பறங்கியர் மொழிக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கு.

கஃப்ரிஞ்ஞாவோட முடிஞ்சிடாது

"நாங்க மதிக்கிறம்தானே, ஒவ்வொரு கலாசார விழாவிலயும் பறங்கியர் நடனம் வைக்கிறமே" எண்டு சொல்றவர்கள் இருக்கிறாங்க. உண்மைதான். வயலின், கஃப்ரிஞ்ஞா தாளம், சுழலுற பாவாடை. எல்லாருக்கும் விருப்பம். ஆனா மேடையில ஏத்துறது உடுப்பையும் தாளத்தையும். மொழியை ஏத்துறதில்ல. பாட்டு முடிஞ்சதும் அறிவிப்பாளர் தமிழில நன்றி சொல்றார். பாடினவர் என்ன பாடினார் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல.

பாட்டு மட்டும் மிஞ்சினா என்ன நடக்கும் எண்டு பாக்க ஆபிரிக்காவுக்குப் போகத் தேவையில்ல. புத்தளம் பக்கத்து சிறாம்பியடிக்குப் போங்க. அங்க ஆபிரிக்க வம்சாவளிக் காப்பிரி மக்களிடம் இதே குடும்ப மொழி இருந்தது. இண்டைக்கு அவங்கட 'மன்ஞா' பாட்டுகளுக்குள்ள மட்டும் அது உயிரோட இருக்கு, அன்றாடப் பேச்சில இல்ல. பாட்டு மொழியின் கடைசி வீடு. மட்டக்களப்பு இன்னும் அந்த வாசலுக்கு வரேல்ல. திருகோணமலையிலயும் இன்னும் பேசுறவர்கள் இருக்கிறாங்க. நேரம் இருக்கு, ஆனா கனக்க இல்ல.

ஸ்பானிஷ் படிக்கிற தோழர்களுக்கு

ஸ்பானிஷை விடச் சொல்லி நாங்கள் கேக்கேல்ல. நல்லாப் படியுங்க. 'அப்லாரமோஸ்' வரைக்கும் போனவருக்கு 'ஜா ஃபலா' ரெண்டு நாளில பிடிபடும். வாக்கிய ஒழுங்கு ஏற்கெனவே உங்கட நாக்கில இருக்கு, அது தமிழ். சொற்களில பாதி உங்கட ஸ்பானிஷுக்குச் சொந்தம். உலகத்தில இந்த மொழியைப் படிக்க ஆகத் தோதான ஆள் நீங்கதான்: ஸ்பானிஷ் படிச்ச மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளை.

பிரயோசனம் என்ன எண்டு கேக்கிறவர்களுக்கு ரெண்டு செய்தி. பாப்பியமெந்து, எங்கட பறங்கியர் மொழிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதின்ர பெயருக்குள்ள இருக்கிற 'பாப்பியா' எண்ட 'பேசு' வினை மட்டக்களப்பிலயும் இருக்கு. அந்த மொழி 2003இல் அரூபாவிலயும், 2007இல் குராசோவிலயும் அரசகரும மொழியாச்சு. பள்ளிக்கூடத்தில அதில படிக்கிறாங்க. அதையும் ஒருகாலம் உடைஞ்சது எண்டுதான் சொன்னாங்க. ரெண்டாவது, 2016இல் சிங்கப்பூரில கெவின் மார்ட்டென்ஸ் வோங் என்ற பல்கலைக்கழக மாணவர் 'கொட்ரா கிரிஸ்தாங்' எண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினார். 'கிரிஸ்தாங், எழும்பு' எண்டு அர்த்தம். அங்க மிச்சமிருந்த பேச்சாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. இலவச வகுப்பு நடத்தினாங்க, இளையவர்கள் வந்தாங்க. அவங்களுக்கு அரசு இல்ல, படை இல்ல. ஒரு வகுப்பறையும் கொஞ்சம் வெக்கமில்லாத்தனமும் இருந்தது.

எங்கட ஊரிலயும் வேலை சூனியத்தில இருந்து தொடங்கத் தேவையில்ல. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோவும் அவரோட சேர்ந்தவர்களும் மட்டக்களப்பிலயும் திருகோணமலையிலயும் பேச்சு, கதை, பாட்டு எல்லாம் பதிவு செய்து இணைய ஆவணக் காப்பகத்தில வைச்சிருக்கிறாங்க. லிஸ்பனில இருந்து ஆக்கள் பறந்து வந்து கேட்டதைக் கேக்க, எங்களுக்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டினாப் போதும்.

ஆகவே நாங்கள் கேக்கிறது நாலு காரியம். ஒண்டு, "உடைஞ்ச" எண்ட சொல்லை இண்டையோட விடுங்க. ஆராவது சொன்னா "நீ பேசினால், அவன் பேசினால்" எண்டு சொல்லிக் காட்டி, தமிழுக்கு எத்தினை வடிவம் எண்டு கேளுங்க. ரெண்டு, உங்கட வகுப்பில, வேலையிடத்தில பறங்கியர் நண்பர் இருந்தா, அவர் வீட்டில இந்த மொழி இருக்கா எண்டு மரியாதையாக் கேளுங்க. விருப்பம் எண்டால் மட்டும், அவங்கட சம்மதத்தோட மட்டும் பதிவு செய்யுங்க. பதிவின் முதல் பிரதி அந்தக் குடும்பத்துக்குச் சேரவேணும். மூண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில மொழியும் வரலாறும் படிக்கிறவர்களே, ஆய்வுக்குத் தலைப்பு இல்லை எண்டு வந்தாறுமூலையில தலையைச் சொறியாதீங்க. தலைப்பு வாவிக்கரையில இருக்கு. நாலு, விழா நடத்துறவர்களே, நடனத்தோட சேர்த்து ஒரு ஐந்து நிமிசம் பேச்சும் வையுங்க. அந்த மொழியிலயே வணக்கம் சொல்ல விடுங்க. தமிழில் மொழிபெயர்க்க ஒருத்தரை நிறுத்துங்க. மற்ற எல்லாருக்கும் மொழிபெயர்ப்பாளர் கேக்கிற நாங்கள், இதையாவது குடுக்கவேணும்.

முழு நிலவு இரவில தோணியைக் கல்லடிப் பாலத்தடியில நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, அதில காதை வைச்சு மீன் பாடுதா எண்டு கேக்கிற ஊர் எங்கட ஊர். நகரசபைச் சின்னம் தொடக்கம் கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் பாடுமீன். மீனின் சத்தத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டுற ஊர், அதே வாவிக்கரையில மனிசர் நாநூறு வருசமாப் பேசுற மொழிக்குக் காது குடுக்காமல் விட்டால், பிறகு எங்கட மொழிக்காக நாங்கள் எழுப்புற ஒவ்வொரு கோசமும் பொய்யாப் போயிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு அந்த ஆத்தாமார் வெளியில வருவாங்க. போய்க் கேளுங்க.